பக்கத்து வீட்டுக்காரர் வேறு மதம்: மதுரைக் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மறைக்கல்வி வகுப்பிலும், அன்பியக் கூட்டத்திலும் (அக்கம்பக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் குழு), பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதும் திரும்பத் திரும்ப என்னிடம் வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), குரு அல்லாத பொதுநிலையினர். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபையார் சில இடங்களில் வேறு விதமாகச் சொல்லக்கூடும். தெரிந்த இடத்தில் அதையும் குறித்திருக்கிறேன்.

மத்த மதத்துக்காரங்களோட ரொம்ப நெருங்கிப் பழகுனா நம்ம விசுவாசம் கெட்டுப் போகாதா?

இயேசு யாரோடெல்லாம் பழகினார் என்று பாருங்கள். யூதரல்லாத நூற்றுவர் தலைவர் ஒருவர் தன் பணியாளுக்காக வந்து கேட்டபோது, இஸ்ரயேலரிடம்கூட இப்படி ஒரு நம்பிக்கையைக் கண்டதில்லை என்று எல்லார் முன்னும் பாராட்டினார் (மத்தேயு 8). "எனக்கு அடுத்திருப்பவர் யார்?" என்று கேட்ட சட்ட அறிஞருக்கு அவர் சொன்ன கதையில், அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்றவர் ஒரு சமாரியர். தவறாக வழிபடுகிறவர்கள் என்று யூதர்கள் தள்ளி வைத்திருந்த கூட்டம் அது.

பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தையும் (அதிகாரம் 29) வாசியுங்கள். நீங்கள் இருக்கும் நகரத்தின் நலனைத் தேடுங்கள், அதற்காக மன்றாடுங்கள் என்கிறார். பாபிலோன் அவர்களுக்கு அந்நிய ஊர். மதுரையோ நாம் பிறந்து வளர்ந்த ஊர். நான் பார்த்தவரையில் பழக்கத்தால் விசுவாசத்தை இழந்தவர்கள் குறைவு. தன் மறை என்ன சொல்கிறது என்றே தெரியாமல் வளர்ந்தவர்கள்தான் எளிதில் தடுமாறுகிறார்கள்.

எதுத்த வீட்டு அக்கா கோயில் பிரசாதம் குடுத்தா வாங்கலாமா? சாப்புட்டா பாவமா?

இதே கேள்வி கொரிந்து நகரத்தில் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. பவுல் அதற்கு முதல் கொரிந்தியர் திருமுகத்தில் 8, 10 ஆகிய அதிகாரங்களில் பதில் எழுதினார். உலகமும் அதில் உள்ள அனைத்தும் ஆண்டவருடையவை. ஆகவே உணவு தன்னளவில் நம்மைத் தீட்டாக்காது. விருந்துக்கு அழைத்தால் கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள் என்கிறார். அதே பவுல், இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சுட்டிக்காட்டினால், அந்த மனிதரின் மனச்சான்றை நினைத்து விட்டுவிடுங்கள் என்றும், உன் உரிமை பலவீனமான சகோதரனுக்கு இடறலாகக் கூடாது என்றும் சொல்கிறார். சிலை வழிபாட்டில் பங்குகொள்வதை அவர் ஒரு நாளும் ஏற்கவில்லை.

ஆகவே ஆர்.சி. குடும்பங்களில் பலர் வாங்கிக்கொள்வார்கள், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே வீடுகளில் பலர் மறுப்பார்கள். இரு தரப்பாரும் இந்த அதிகாரங்களையே எடுத்துக் காட்டுகிறார்கள். உரோமையர் 14-இன்படி ஒருவரை ஒருவர் தீர்ப்பிடாமல் இருந்தால் போதும். மறுப்பதானால் மரியாதையாக மறுங்கள். "அக்கா, எங்க வீட்ல படைச்சது சாப்பிடுற வழக்கம் இல்லக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றால் அவர் புரிந்துகொள்வார். வாங்கி வைத்துவிட்டு அவர் கண்ணெதிரே குப்பைத்தொட்டியில் போடுவதுதான் பாவம். ரம்ஜான் நோன்புக் கஞ்சி, பக்ரீத் கறி விஷயத்திலும் என் பதில் இதுவே.

பொங்கல் கொண்டாடலாமா?

தாராளமாக. அறுவடைக்கு நன்றி சொல்லும் விழா அது. நம் பங்குகள் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரங்கள்) பலவற்றில் கோயில் முற்றத்திலேயே பொங்கல் வைத்து, பானையை ஆசீர்வதித்துப் பகிர்கிறார்கள்.

எங்க தெரு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வரி கேக்குறாங்க. குடுத்தா சிலை வழிபாட்டுக்குக் காசு குடுத்த மாதிரி ஆகாதா?

ஊர்த் திருவிழாவில் பூசைச் செலவு ஒரு பகுதிதான். தெரு விளக்கு, தண்ணீர்ப் பந்தல், அன்னதானம் எல்லாம் அந்தக் கணக்கிலேயே வரும். "என் பங்கை அன்னதானத்துக்கு வச்சுக்கங்கண்ணே" என்று பொறுப்பாளரிடம் சொல்லிக் கொடுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு எழுதிக்கொள்வார்கள். நம் கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றம் முதல் தேர்பவனி வரை அலங்கார விளக்குக்கும் அசனச் சாப்பாட்டுக்கும் இந்து, முஸ்லிம் கடைக்காரர்களிடம் நாமும் ரசீது புத்தகத்தோடு போகிறோமே, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கொடுக்க மனம் ஒப்பவில்லை என்றால் கொடுக்காமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காகக் குழாய்த் தண்ணீரை நிறுத்துவேன், ஊரோடு சேர்க்க மாட்டேன் என்று யாராவது மிரட்டினால் அது அநியாயம். தனியாகச் சண்டைக்குப் போகாமல், முதலில் ஊர்ப் பெரியவர்களிடமும் பிறகு தேவைப்பட்டால் காவல் நிலையத்திலும் சொல்லுங்கள்.

சித்திரைத் திருவிழா பாக்கப் போலாமா?

மதுரையில் இருந்துகொண்டு இதைத் தவிர்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. மீனாட்சி திருக்கல்யாணமும், சித்ரா பௌர்ணமியை ஒட்டி அழகர் ஆற்றில் இறங்குவதும் இந்து சமய விழாக்கள். அவற்றில் வழிபாடு இருக்கிறது, அதை வெறும் வேடிக்கை என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் இத்தனை லட்சம் பேர் கூடும் நாளில் ஊர் முழுவதும் ஒருவருக்கொருவர் நீர்மோரும் பானகமும் கொடுத்து உபசரிக்கிறது. அந்த உபசரிப்பில் நாம் சேர எந்தத் தடையும் இல்லை. கிழக்கு வெளி வீதியில் இருந்தால் வாசலில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுங்கள். குழந்தையைத் தொலைத்துவிட்டு நிற்கும் தாய்க்கு உதவுங்கள்.

1812 முதல் 1828 வரை மதுரை கலெக்டராக இருந்த ரவுஸ் பீட்டர் ஒரு கிறிஸ்தவர். மீனாட்சி அம்மனின் குதிரை வாகனத்துக்கு மணிகள் பதித்த பொன் அங்கவடிகளைக் காணிக்கையாகக் கொடுத்தவர். ஊரார் அவரைப் பீட்டர் பாண்டியன் என்று அழைத்தார்கள். இடியும் மழையுமான ஓர் இரவில் ஒரு சிறுமி வந்து வீட்டைவிட்டு வெளியே அழைத்து அவர் உயிரைக் காத்தாள் என்று கதை சொல்வார்கள். அவர் செய்ததை நாமும் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெய்வத்துக்குக் காணிக்கை செலுத்துவது வழிபாடு, அங்கே என் மனச்சான்று நின்றுவிடும். தான் ஆண்ட மக்கள் போற்றுவதை அவர் இகழவில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கூட வேல பாக்குறவங்க கல்யாணம் கோயில்ல நடக்குது. உள்ள போனா கும்புடணுமா? திருநீறு குடுத்தா?

கல்யாணத்துக்குப் போங்கள். செருப்பை வெளியே விடுங்கள், அமைதியாக நில்லுங்கள், அட்சதை போட்டு மணமக்களை மனதார வாழ்த்துங்கள். நம்பிக்கை இல்லாமல் கைகூப்பிக் கும்பிடுவது உங்களுக்கும் உண்மை இல்லை, அந்தத் தெய்வத்தை நிஜமாகவே நம்புகிறவர்களுக்கும் மரியாதை இல்லை. திருநீற்றுத் தட்டு வரும்போது கையை நெஞ்சில் வைத்துத் தலையை லேசாக அசைத்தால் ஐயர் அடுத்தவரிடம் போய்விடுவார். சில கோயில்களில் மாற்று மதத்தவர் ஒரு எல்லைக்கு மேல் வரக்கூடாது என்று பலகை வைத்திருப்பார்கள். அது அவர்கள் வீட்டு ஒழுங்கு, மனத்தாங்கல் இல்லாமல் மதியுங்கள்.

கட்டாயத்தில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு நாமானின் கதையைச் சொல்வேன் (2 அரசர்கள் 5). சிரியப் படைத்தலைவரான அவர் இஸ்ரயேலின் கடவுளை ஏற்றுக்கொண்ட பிறகு எலிசாவிடம் ஒரு மன்னிப்புக் கேட்டார்: என் அரசர் இரிம்மோன் கோயிலில் வணங்கும்போது என் கையில் சாய்ந்திருப்பார், நானும் குனிய வேண்டியிருக்கும். எலிசா அவரைத் திட்டவில்லை. அமைதியுடன் சென்று வா என்று அனுப்பினார். முதலாளிக்காக ஆயுதபூஜையில் ஓரமாக நிற்கும் கடைப் பையனை நாம் அதைவிடக் கடுமையாக நடத்த வேண்டாம்.

பொட்டு, குத்துவிளக்கு, ஆரத்தி எல்லாம் இந்துக்களோடது. நம்ம கோயில்ல எதுக்கு?

இந்த விவாதத்துக்குப் பிறந்த ஊரே மதுரைதான். 1606-இல் இத்தாலியரான இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி இங்கே வந்தார். அவருக்கு முன்பே இங்கே இருந்த போர்த்துகீசியக் குரு கொன்சாலோ பெர்னாண்டஸ், பரவ மக்களுக்காக ஒரு கோயிலையும் மருத்துவமனையையும் நடத்திக்கொண்டிருந்தார். மதுரைக்காரர்களோ அதைப் பறங்கியர் மார்க்கம் என்று ஒதுங்கியே இருந்தார்கள். தெ நொபிலி காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்று, தத்துவ போதகர் என்று அறியப்பட்டார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக அடையாளங்கள், அவற்றை விடாமலேயே கிறிஸ்துவை ஏற்கலாம் என்பது அவர் வாதம். சக குருக்களே எதிர்த்து எழுதினார்கள். 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் தீர்ப்பளித்தார்.

கதை அங்கே முடியவில்லை. இந்த வழக்கங்களைப் பற்றிய சண்டை நூறாண்டுக்கு மேல் நீடித்து, 1744-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தார். மறைபரப்பாளர்கள் அதன்படி எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி 1940-இல்தான் நீங்கியது. 1969-இல் இந்தியத் திருவழிபாட்டுக்காக உரோமை ஏற்ற பன்னிரண்டு அம்சங்களில் ஆரத்தியும், காலணி கழற்றுவதும், தரையில் அமர்வதும் உண்டு. ஆகவே உங்கள் பங்கில் ஆரத்தி எடுத்தால் அது யாரோ ஒருவர் கிளப்பிய புதுப்பழக்கம் ஆகாது. பொட்டு வைக்காத சி.எஸ்.ஐ. அக்காவும் வைத்துக்கொள்ளும் ஆர்.சி. அக்காவும் ஒரே பேருந்தில் போகிறார்கள், இருவரும் கிறிஸ்தவர்களே.

இயேசு மட்டும்தான் வழின்னு நம்புறோம். அப்புறம் எப்புடி மத்த மதத்த மதிக்குறது? ரெண்டுல ஒண்ணு பொய்தான?

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் கனமானது. யோவான் 14:6-ஐ நான் மென்று விழுங்கப் போவதில்லை. வழியும் உண்மையும் வாழ்வும் கிறிஸ்துவே என்று நம்புகிறேன். "எல்லா மதமும் ஒண்ணுதான்" என்று சொல்லிச் சமாதானம் செய்வதும் எனக்குப் பிடிக்காது. அப்படிச் சொல்லும்போது என் நம்பிக்கையையும் கேட்காமல் விடுகிறோம், தொழுகைக்கு விடியலில் எழும் பாயின் நம்பிக்கையையும் கேட்காமல் விடுகிறோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட அறிக்கையில், இந்து சமயத்தையும் இஸ்லாமையும் பெயர் சொல்லி, அவற்றில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்றது. அதே பத்தியில், கிறிஸ்துவை அறிவிப்பது தன் கடமை என்றும் சொன்னது. ஓராண்டு முன்னதாக, 1964-இல், தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல் நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்படைய முடியும் என்று அதே சங்கம் கூறியிருந்தது. யாருக்கு மீட்பு என்ற தீர்ப்பு என் கையில் இல்லை. அன்பு செய் என்ற கட்டளை மட்டும் என் கையில் இருக்கிறது. இயேசு சொன்னதை உண்மை என்று எவ்வளவு உறுதியாக நம்புகிறேனோ, பக்கத்து வீட்டுக்காரரை நேசிக்க அவ்வளவு கட்டுப்பட்டிருக்கிறேன். விசுவாசத்தைக் குறைத்துக்கொண்டால்தான் மரியாதை வரும் என்று எண்ணுகிறவர்கள் அவரது போதனையின் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

அப்ப நற்செய்தி சொல்றதே தப்பா? மதமாத்துறோம்னு சண்டைக்கு வர்றாங்களே?

தப்பில்லை. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, நன்னெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, எந்த மதத்தையும் பின்பற்றவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. 1977-இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கும்போது, பரப்பும் உரிமை என்பது உன் மதத்தை எடுத்துச் சொல்லும் உரிமை, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் இல்லை என்றது. அந்தத் தீர்ப்பைப் பற்றி வேறு கருத்துடையவர்கள் உண்டு, ஆனால் சட்டம் இன்று இதுதான். மாறுவதா இல்லையா என்பது அவரவர் மனச்சான்றின் முடிவு, அதில் வற்புறுத்தல் கூடாது என்று 1965-இல் வத்திக்கான் சங்கமும் சொல்லிவிட்டது.

நடைமுறையில் என் அளவுகோல் 1 பேதுரு 3:15-16: கேட்கிறவருக்குப் பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாக இருங்கள், பணிவோடும் மரியாதையோடும் சொல்லுங்கள். யாரும் கேட்காதபோது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அருகில் போய்க் கைவைத்து ஜெபிக்காதீர்கள். பள்ளிக்கூட சீட்டையோ, அரிசி மூட்டையையோ, கடனையோ விசுவாசத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். அவர்கள் சாமியைப் பேய் என்று மேடையில் பேசாதீர்கள். பேசுகிறவரைப் பார்த்தால் எழுந்து கண்டியுங்கள், அவர் நம் ஆளாக இருந்தாலும்.

வாட்ஸ்அப்ல மாதாவ கேவலமாப் போட்ருக்காங்க. சும்மா இருக்கச் சொல்றீங்களா?

தங்களை ஏற்காத சமாரிய ஊரின் மேல் வானத்திலிருந்து தீ விழச் செய்யட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டார்கள். இயேசு கடிந்துகொண்டது அந்த ஊரை விட்டுவிட்டு இவர்கள் இருவரையும்தான் (லூக்கா 9).

சும்மா இருக்கவும் வேண்டாம். படத்தை யாருக்கும் அனுப்பாமல் சேமித்து வையுங்கள். போட்டவர் தெரிந்தவரானால் நேரில் பேசுங்கள். பாதி இடங்களில் அங்கேயே தீர்ந்துவிடும். வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவின்படி குற்றம் (முன்பு 295-ஏ), பங்குத்தந்தையோடு போய்ப் புகார் கொடுக்கலாம். அந்தப் பிரிவு நம்மையும் கட்டும். நம் குழுக்களில் மீனாட்சி அம்மனைப் பற்றியோ முகமது நபியைப் பற்றியோ கேலி வந்தால், முந்தைய பதிலில் சொன்னதுபோல, முதலில் எழுந்து நிறுத்த வேண்டியவர் நீங்கள்.

நவநாளுக்கு ஒலிபெருக்கி வச்சா புகார் பண்றாங்க.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கு அரசு தரும் விலக்கும் ஆண்டில் 15 நாளுக்கு, நள்ளிரவு வரைதான். மற்ற நேரத்திலும் பரீட்சைக் காலமானால் நாமே குறைத்துக்கொள்வோம். புகார் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

வேளாங்கண்ணி, இடைக்காட்டூருக்கெல்லாம் இந்துக்கள் அவ்ளோ பக்தியா வர்றாங்க. ஆனா நற்கருணை குடுக்க மாட்டேங்குறோம். இது பாரபட்சம் இல்லியா?

மெழுகுதிரி ஏற்றலாம், மாதாவுக்கு மாலை போடலாம், மன்றாடலாம், ஆசீர் பெறலாம்; யாரும் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்பதில்லை. நற்கருணை மட்டும் திருமுழுக்குப் பெற்று, அதைக் கிறிஸ்துவின் உடல் என்று ஏற்பவர்களுக்குரியது. தங்கள் கருவறைக்கு அவர்களுக்கு ஒரு எல்லை இருப்பதுபோல இது நமக்குள்ள எல்லை. தெரியாமல் வரிசையில் வந்தவரைக் கையைப் பிடித்து இழுக்காமல், நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர் கொடுத்து அனுப்பும் குருக்களைப் பார்த்திருக்கிறேன். அழகான வழக்கம்.

பொண்ணு இந்துப் பையன விரும்புது. மதம் மாறாம கல்யாணம் பண்ண முடியுமா?

முடியும். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்புக்குப் பிறகு இருவரும் அவரவர் மதத்திலேயே இருந்து பதிவு செய்யலாம். ஆர்.சி. கோயிலில் நடத்த வேண்டுமானால் ஆயரிடம் விலக்கு பெற வேண்டும். கத்தோலிக்கத் தரப்பு தன் விசுவாசத்தைக் காத்து, பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கத் தன்னால் ஆனதைச் செய்வதாக வாக்குத் தரும். பையனுக்கு அதைத் தெரிவிப்பார்கள், அவரிடம் வாக்குக் கேட்பதில்லை. கிறிஸ்தவராகவே இருக்கும் பெண்ணுக்கு இந்து முறையில் தாலி கட்டினால் மட்டும் போதாது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும்.

பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது: பிள்ளைகளை எப்படி வளர்ப்பது, ஞாயிறு பூசை, அமாவாசை விரதம் எல்லாவற்றையும் நிச்சயத்துக்கு முன்பே அவர்கள் இருவரும் பேசட்டும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிய இடத்தில்தான் முதல் குழந்தை பிறந்ததும் இரண்டு வீடும் மோதுகின்றன.

வெளியாட்களோட ஒத்துமைன்னு பேசுறீங்க. நம்ம கல்லறைத் தோட்டத்துலயே சாதிக்கு ஒரு பக்கம் இருக்கே?

இருக்கிறது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மேலே புகழ்ந்த தெ நொபிலியின் வழியிலேயே இந்தக் கறையும் வந்தது. சாதிப் பிரிவுகளை அவர் சமூக வழக்கம் என்று விட்டுவைத்தார். உயர்சாதியினருக்கு ஒரு வகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று மதுரை மிஷன் வளர்ந்தது. கிறிஸ்துவுக்குள் யூதர், கிரேக்கர் என்ற வேறுபாடில்லை என்று கலாத்தியருக்கு எழுதியதை வாசித்துக்கொண்டே நாம் சுவர் எழுப்பினோம்.

அரசும் இன்னொரு சுமையை ஏற்றியது. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமைகளை இந்துக்களோடு நிறுத்தியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே. அதற்காகப் போராடுகிற நாம், நம் பங்குப் பேரவையிலும் தேர் வடத்திலும் கல்லறையிலும் அவர்களுக்குச் சம இடம் தராமல் இருக்க முடியாது. 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. உங்கள் பங்கில் அது எவ்வளவு நடந்திருக்கிறது என்று அடுத்த பேரவைக் கூட்டத்திலேயே கேளுங்கள்.

வேற மதத்துக்காரங்களுக்கு அநியாயம் நடந்தா நமக்கென்ன? நம்ம பிரச்சினையே தலைக்கு மேல கெடக்கு.

உசிலம்பட்டிப் பக்கம் ஜார்ஜ் ஜோசப் என்றால் தெரியாதவர்கள்கூட "ரோசாப்பூ துரை" என்றால் தெரிந்துகொள்வார்கள். செங்கன்னூரில் பிறந்த சிரியன் கிறிஸ்தவர், மதுரையில் வழக்கறிஞர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிரமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை வைத்துக் காவல் நிலையத்தில் இரவைக் கழிக்க வேண்டியிருந்த காலம் அது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மேல் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜார்ஜ் ஜோசப் அந்த மக்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார், சட்டத்தை எதிர்த்து எழுதினார். 1924-இல் வைக்கம் போராட்டத்தில் சிறை சென்றார். இதை இந்துக்களிடம் விட்டுவிடுங்கள் என்று காந்தியே அவருக்கு எழுதினார்.

காந்தி சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு: அடுத்த வீட்டு வழக்கத்தைத் திருத்துவதில் அந்த வீட்டாரே முன்நிற்க வேண்டும். ஆனால் அடிபடுகிறவன் உதவி கேட்கும்போது அவன் மதத்தைக் கேட்டுவிட்டு நகர்ந்தால், முதல் பதிலில் சொன்ன சமாரியர் கதையில் விலகிப் போன குருவும் லேவியரும் நாமாகிவிடுகிறோம்.

நான் மட்டும் ஞானஸ்நானம் வாங்கிட்டேன். அப்பா இந்து. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா கொள்ளி வைக்கணுமா? மூத்த பையன் நான்தான்.

தாய் தந்தையை மதித்து நட என்ற கட்டளை திருமுழுக்கோடு தீர்ந்துவிடுவதில்லை. அப்பாவின் இறுதிச் சடங்கு அவர் நம்பியபடி நடப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. உடலைக் குளிப்பாட்டலாம், பாடை தூக்கலாம், சுடுகாடு வரை கூடவே நடக்கலாம், செலவை ஏற்கலாம், பதினாறு நாளும் வந்தவர்களை உபசரிக்கலாம். இவை எல்லாம் மகன் செய்ய வேண்டியவை.

கொள்ளி வைப்பது, பிண்டம் வைப்பது பற்றி போதகர்களே ஒத்துப்போவதில்லை. நெருப்பு வைப்பது உடலுக்குச் செய்யும் கடைசி உதவி, அதை மட்டும் செய்யலாம், மந்திரத்தோடு பிண்டம் வைப்பதைத் தம்பியிடம் விடலாம் என்கிறவர்கள் உண்டு. என் கருத்தும் அதுவே. இரண்டையுமே கூடாது என்கிற சபைகளும் உண்டு. உங்கள் பங்குத்தந்தையிடமோ சபைப் போதகரிடமோ கேளுங்கள். எதுவானாலும் அந்த நாளில், பந்தலில், தாய்மாமன்களும் சித்தப்பாக்களும் சூழ்ந்து நிற்கும்போது முதன்முதலாக வாயைத் திறக்காதீர்கள். அப்பா நலமாக இருக்கும்போதே அவரிடமே உட்கார்ந்து பேசுங்கள். தம்பியையும் சித்தப்பாவையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். "அப்பா, உங்களுக்கு எல்லாம் உங்க முறைப்படிதான் நடக்கும், தம்பி முன்ன நிப்பான், நான் பக்கத்துலயே இருப்பேன்" என்று அவர் காதுபட ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு ஊரார் கேள்விக்கு அவரே பதில் சொல்லி வைத்துவிடுவார்.